வரி குறைந்தபோது காணாமற்போன சலுகைகள்: காப்பீடு, வருமான வரி, மாற்றுத்திறனாளிகளின் பயணச் செலவு

(மதுரைக்காரர்களின் இணைய மன்றம் ஒன்றில் 2025 டிசம்பரில் ஓடிய இழை; எண்களுக்கு அருகில் இருப்பவை எழுதியவர்களின் புனைபெயர்கள்.)

1. நாற்பது சதவீதம் (திருநகர்)

நண்பர்களே, நாடாளுமன்றத்தின் 2025 குளிர்காலக் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. காப்பீட்டுத் துறையில் அந்நிய முதலீட்டை 74 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தும் மசோதா டிசம்பரில் இரு அவைகளையும் கடந்தது. வருமான வரிக்கான புதிய சட்டமோ, ஆகஸ்ட் 11 அன்று எதிர்க்கட்சிகளின் முழக்கத்துக்கு நடுவே, விவாதம் ஏதுமின்றி மக்களவையில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. இவற்றைப் பற்றி இங்கே பலர் எழுதிவிட்டீர்கள். நான் எழுத வந்தது, இவ்விரண்டுக்கும் இடையில் யார் கண்ணிலும் படாமல் நழுவிப்போன ஒன்றைப் பற்றி.

எனக்கு இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் பாதிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளாக இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வங்கிக் கிளைக்குப் போய் வருகிறேன். முதுகுவலி கூடிவிட்டதால் சிறிய கார் ஒன்று வாங்கலாம் என்று இவ்வாண்டு முடிவு செய்தேன். 40 சதவீதத்துக்குக் குறையாத எலும்பு, மூட்டுக் குறைபாடு உடையவர்கள் மத்தியக் கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழ் பெற்றால், நான்கு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்கு உட்பட்ட காரை 18 சதவீத ஜி.எஸ்.டி.யில் வாங்கலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. மற்றவர்கள் 28 சதவீதமும் அதன்மேல் 1 சதவீதக் கூடுதல் தீர்வையும் கட்டினார்கள். வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 55,000 ரூபாய். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றியமைக்கும் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் நான் மனத்தில் ஒதுக்கியிருந்தேன்.

செப்டம்பர் 22 அன்று அதே அளவுள்ள சிறிய கார்கள் அனைத்துக்கும் வரி 18 சதவீதமாகக் குறைந்தது. விற்பனையகத்துத் தம்பி தொலைபேசியில், "சார், இனிமேல் நீங்கள் சான்றிதழுக்கு அலைய வேண்டாம், எல்லாருக்கும் ஒரே வரிதான்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நானும் மகிழ்ந்தேன். மாற்றியமைக்கும் செலவு மட்டும் அப்படியே இருக்கிறது, அதை ஈடுகட்டிய சலுகை மட்டும் இல்லாமல் போய்விட்டது என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது.

வருமான வரியிலும் இதே கதைதான். மாற்றுத்திறனாளிக்கு உரிய 80யூ பிரிவின்படி எனக்குக் கிடைத்த 75,000 ரூபாய்க் கழிவு, பெரும்பாலான கழிவுகளை நீக்கி விகிதத்தைக் குறைத்த புதிய வரி முறையில் கிடையாது. எல்லாருக்கும் வரியைக் குறைக்கும்போது, கூடுதல் செலவு உள்ளவனுக்கென்று வைத்த தனி வாசலையும் சேர்த்து அடைத்துவிடுவது முறையா என்பதே என் கேள்வி.

2. வரி செலுத்துவோன் (கே.கே. நகர்)

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வாதம் சரியாகப் படவில்லை. நேற்றும் 18 சதவீதம் கட்டினீர்கள், இன்றும் 18 சதவீதம்தான். உங்கள் காரின் விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு விலை குறைந்ததை உங்களுக்கு நேர்ந்த இழப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? வருமான வரியிலும் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை என்றாகிவிட்டது. கழிவுகளை ஒழித்து விகிதத்தைக் குறைப்பதுதான் நல்ல வரிச் சட்டத்துக்கு அழகு என்று பொருளாதாரம் படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு கழிவு வைத்துத்தான் பழைய சட்டம் யாருக்கும் புரியாமல் போனது.

3. கணக்கர் (மேலமாசி வீதி)

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதால் எண்களை வைத்தே பேசலாம். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ரூபாய் பெறும் இருவர் ஒரே அலுவலகத்தில் அருகருகே அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மாற்றுத்திறனாளி. பழைய முறையில் சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலைக்கழிவு 50,000, சேமிப்புக் கழிவு 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 என்று இருவரும் கழித்தால், சாதாரண ஊழியர் கட்ட வேண்டியது 4 சதவீதக் கூடுதல் தீர்வையோடு 2,02,800 ரூபாய். மாற்றுத்திறனாளி 75,000 ரூபாய் கூடுதலாகக் கழித்து 1,79,400 ரூபாய் கட்டுவார். வித்தியாசம் 23,400 ரூபாய்.

புதிய முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக இருவருமே கட்டுவது 97,500 ரூபாய். எனவே மாற்றுத்திறனாளிக்கும் 81,900 ரூபாய் மிச்சம். அந்த அளவில் கே.கே. நகர் நண்பர் சொல்வது சரி. ஆனால் சக ஊழியருக்கு மிச்சமானது 1,05,300 ரூபாய். இருவருக்கும் இடையே சட்டம் ஒருகாலத்தில் ஒப்புக்கொண்ட 23,400 ரூபாய் வேறுபாடு புதிய கணக்கில் சுழியம். திருநகர் நண்பர் கேட்பது இந்தச் சுழியத்தைப் பற்றித்தான்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கழிவு பழைய முறையிலும் நியாயமாகப் பங்கிடப்பட்டதன்று. 30 சதவீத விகிதத்தில் உள்ளவருக்கு 23,400 ரூபாய் தந்த அதே கழிவு, 20 சதவீத விகிதத்தில் உள்ளவருக்கு 15,600 ரூபாய்தான் தந்தது. வரி வரம்புக்குள்ளேயே வராத செருப்புத் தைப்பவருக்கும் பூக்கட்டுபவருக்கும் ஒன்றுமே தரவில்லை. ஊனத்தின் அளவைவிடச் சம்பளத்தின் அளவைப் பார்த்தே கொடுத்த உதவி அது. 75,000 ரூபாய் என்ற தொகையும், கடுமையான குறைபாடு உடையவர்களுக்கான 1,25,000 ரூபாயும் 2015ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டவை, பத்தாண்டுகளாக அசையவில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு வாசல் புதிய முறையிலும் திறந்தே இருக்கிறது. பார்வையற்றோர், காது கேளாத, வாய் பேசாதோர், கால்களில் குறைபாடு உடையோர் ஆகிய ஊழியர்களுக்கு வேலைக்குப் போய்வருவதற்காகத் தரப்படும் பயணப்படியில் மாதம் 3,200 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 38,400 ரூபாய், 2025-26 நிதியாண்டுக் கணக்கில் வரிவிலக்குப் பெறும். ஆனால் நிறுவனம் அதைப் பயணப்படி என்ற தலைப்பில் சம்பளப் பட்டியலில் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். 15 சதவீத விகிதத்தில் இருப்பவருக்கு இதனால் ஏறத்தாழ 5,990 ரூபாய் மிச்சமாகும். சொந்தத் தொழில் செய்பவருக்கு இது இல்லை. இந்தத் தொகையும் 2015 முதல் 2025 வரை உயரவில்லை.

4. நாற்பது சதவீதம்

கணக்கர் ஐயாவுக்கு நன்றி. நாளையே எங்கள் நிர்வாகப் பிரிவில் கேட்கிறேன்.

கே.கே. நகர் நண்பருக்கு ஒன்று. என் அருகில் அமர்ந்திருப்பவர் திருநகரிலிருந்து பேருந்தில் வருகிறார். மழை நாளிலும், வலி கூடிய நாளிலும் நான் ஆட்டோவில் வருகிறேன். மாதம் 4,000 ரூபாய்க்குக் குறைவதில்லை. அவருடைய 15 லட்சமும் என்னுடைய 15 லட்சமும் ஒன்று என்று சட்டம் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு விலை குறைந்ததில் எனக்குப் பொறாமை இல்லை. சக்கர நாற்காலிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கையால் இயக்கும்படி மாற்றிய கார் எனக்குச் சக்கர நாற்காலி போன்றதுதான். அதையும் அந்த 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருந்தால் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.

5. முகவர் (அனுப்பானடி)

காப்பீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு.

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்குச் சேவை வரி 15 சதவீதம். 2017 ஜூலை முதல் 18 சதவீதம். இதைக் குறைக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் நிதின் கட்கரி, தம் அமைச்சரவைச் சகாவான நிதியமைச்சருக்கே கடிதம் எழுதினார், நாகபுரி எல்.ஐ.சி. ஊழியர் சங்கத்தின் மனுதான் அதற்கு அடிப்படை. ஆகஸ்ட் 6 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்ற வாயிலில் பதாகை ஏந்தி நின்றார்கள். மறுநாள் நிதி மசோதா மீதான பதிலுரையில் நிர்மலா சீதாராமன் (நம் மதுரையில் பிறந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை), இந்த வரி ஜி.எஸ்.டி.க்கு முன்பே இருந்தது, மாநிலங்களுக்கும் இதில் பெரும்பங்கு போகிறது, உங்கள் மாநில அரசுகளிடம் பேசினீர்களா என்று திருப்பிக் கேட்டார். 2023-24ஆம் ஆண்டில் மருத்துவக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி. மட்டும் 8,262.94 கோடி ரூபாய் என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு வரி முற்றிலும் நீங்கியது.

24,000 ரூபாய்த் தவணைக்கு 4,320 ரூபாய் மிச்சம். வாடிக்கையாளர் மகிழ்ந்தார்கள். ஆனால் வரி விலக்கு என்றால், நிறுவனம் தன் வாடகைக்கும் கமிஷனுக்கும் மென்பொருளுக்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் போய்விடும். அந்தச் சுமையை யார் தலையில் வைப்பது? பல நிறுவனங்கள் முகவர் கமிஷனில் கைவைத்தன, என்னுடையதும் குறைந்தது. அடிப்படைத் தவணை ஏறத் தொடங்கினால் வாடிக்கையாளரும் மிச்சத்தை இழப்பார். மூத்த குடிமக்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. மற்றவர்களுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை.

குழுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. கார் காப்பீட்டுக்கும் அப்படியே. கார் வாங்கப் போகிறவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிக்கென மாற்றியமைத்த வண்டியின் சொந்தச் சேதத் தவணையில் (நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான பகுதி) 50 சதவீதத் தள்ளுபடி என்ற ஏற்பாடு பழைய வாகனக் காப்பீட்டு விகிதப் பட்டியலிலேயே உண்டு. பன்னிரண்டாம் எண் ஒப்புதல் (ஐ.எம்.டி. 12) என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதிவுச் சான்றிதழில் மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் அவசரமாகப் பாலிசி எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

6. செல்லூர் அம்மா

எல்லாரும் தவணை குறைந்ததைப் பற்றிப் பேசுகிறீர்கள். பாலிசி கொடுத்தால்தானே தவணை?

என் மகனுக்கு மூளை முடக்குவாதம், வயது பதினொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் நிறுவனத்தில் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கேட்டு விண்ணப்பித்தோம். எங்கள் மூவருக்கும் தருகிறோம், பையனை நீக்கிவிட்டு விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. காரணம் என்னவென்று எழுத்தில் கேட்டேன். இரண்டு வரியில் விதிமுறை என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் காப்பீடு பெறும் உரிமை உண்டு என்று 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2023 பிப்ரவரியில் ஒவ்வொரு நிறுவனமும் அவர்களுக்கென ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. அந்தத் திட்டங்களின் தவணையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.

இப்போது கையில் இருப்பது தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க் கட்டணத்தில் 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. மன இறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் சேரலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன், இயன்முறைச் சிகிச்சைக்கும் அதில் பணம் தருகிறார்கள். ஆனால் போக்குவரத்துக்கு அதில் உள்ள உச்சவரம்பு 1,000 ரூபாய். ஓர் ஆண்டுக்கு. வாரம் மூன்று நாள் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு அது எத்தனை வாரம் வரும் என்று கணக்கர் ஐயாவைக் கேட்க வேண்டியதில்லை.

பேருந்து இலவசம்தானே என்பார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணமில்லை. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. மூன்று படி உயரத்தில், கைப்பிடிக்கு நடுவே ஒரு கம்பியும் நிற்கிற பேருந்துக்குள் பதினொரு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏற முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. ஆறு வயது வரை ஏறினேன். தாழ்தளப் பேருந்து எங்கள் தெருவுக்கு அருகில் வருவதில்லை. பெரியார் நிலையம் வரை ஆட்டோவில் போய் அதைப் பிடிப்பதற்கு, ஆட்டோவிலேயே மருத்துவமனைக்குப் போய்விடலாம். கட்டணத்தை நீக்கினார்கள், படியை நீக்கவில்லை.

நானும் என் கணவரும் வருமான வரி கட்டுகிறவர்கள் அல்லர். ஆகவே 80யூ கழிவும், மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கான 80டிடி கழிவும் எனக்கு வெறும் எழுத்துகள்தாம்.

7. வரி செலுத்துவோன்

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வரிக் கழிவு வேண்டாம் என்பதில் மாறவில்லை. சொல்லப்போனால் நீங்கள் எழுதியது அதற்கு இன்னும் வலுவான காரணம். கழிவால் உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அப்படியானால் வரிச் சட்டத்துக்கு வெளியே, நேரடியாகப் பயண உதவித்தொகை என்று கொடுப்பதுதானே முறை? ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அதை மீட்டுத் தாருங்கள் என்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், பயணிகள் எல்லாருக்கும் ஏற்கெனவே கட்டணத்தில் சலுகை தருகிறோம் என்ற பதில்தான் அவையில் வருகிறது. மாற்றுத்திறனாளிகளில் நான்கு வகையினருக்கு உள்ள ரயில் கட்டணச் சலுகை தப்பியது.

8. நாற்பது சதவீதம்

பாருங்கள், அந்தப் பதிலும் நான் சொன்ன அதே வார்ப்புதான். எல்லாருக்கும் கொடுக்கிறோம், ஆகவே உனக்கெனத் தனியாக எதற்கு?

9. டப்ளினில் ஒரு உசிலம்பட்டியான்

இங்கே அயர்லாந்தில் நேரடி உதவித்தொகை இருந்தது, நின்றது. அந்தக் கதை உங்களுக்குப் பயன்படலாம்.

நடக்க இயலாதவர்களுக்கு மாதந்தோறும் பயணத் தொகை ஒன்றும், வேலைக்குப் போக வண்டி வாங்குவதற்கு மானியம் ஒன்றும் இருந்தன. வயது வரம்பும் தகுதி விதிகளும் சமத்துவச் சட்டத்துக்கு முரணானவை என்று மக்கள் குறைதீர்ப்பாளர் சுட்டிக்காட்டினார். விதியைத் திருத்துவதற்குப் பதிலாக, 2013 பிப்ரவரியில் அரசு இரண்டு திட்டங்களையும் புதியவர்களுக்கு மூடிவிட்டது. ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் தொகை தொடர்ந்தது. மாற்றுத் திட்டம் வரும் என்று சொல்லிச் சொல்லியே பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. வாகனக் காப்பீட்டுச் செலவும், வருமான வரியும், இந்தப் பயண உதவியும் இங்குள்ள நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் பேசப்படுகின்றன. மூடிய திட்டம் திறப்பது எந்த நாட்டிலும் எளிதன்று போலும். அதனால் கையிலிருக்கும் 3,200 ரூபாய் விலக்கை, சிறியது என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள் அண்ணே.

10. கணக்கர்

யாரிடம் எதைக் கேட்பது என்பதில் நம் மக்களுக்கு எப்போதும் குழப்பம் உண்டு. காருக்கு 5 சதவீத வரி வேண்டும் என்று நம் மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசனிடம் மனுக் கொடுத்தால் அவர் அவையில் பேசலாம், கடிதம் எழுதலாம். நிதி மசோதாவில் திருத்தம் கொண்டுவந்து அதைப் பெற்றுத்தர முடியாது. ஜி.எஸ்.டி. விகிதத்தைத் தீர்மானிப்பது அரசியலமைப்பின் 279ஏ பிரிவின்படி அமைந்த ஜி.எஸ்.டி. மன்றம். அதில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். தமிழ்நாட்டின் சார்பில் அங்கே அமர்பவர் மாநில நிதியமைச்சர்; 2025இல் அவர் தங்கம் தென்னரசு. திருச்சுழித் தொகுதிக்காரர், நமக்குப் பக்கத்து ஊர். அந்த மனு அவருக்குப் போக வேண்டும்.

வருமான வரிக் கழிவும் பயணப்படி விலக்கும் மத்திய அரசின் கையில். அதற்கு வெங்கடேசன் சரியான முகவரி. பேருந்துப் படி மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில்.

செல்லூர் அம்மா கவனிக்க வேண்டிய ஒரு சட்டப் பிரிவு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் அவர்களுக்குத் தரும் தொகை, அதே வகைத் திட்டத்தில் பிறருக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய்; 80 சதவீதக் குறைபாடு உடையவருக்கான ஓய்வூதியமும் 300 ரூபாய். சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆன பின்பும் இரண்டும் ஒரே தொகைதான். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, தனிநபர் பயணத்துக்கு ஊக்கத்தொகை, வாகனத்தை மாற்றியமைத்தல், பயண உதவி ஆகிய மூன்றுக்கும் அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டாயமாக இருக்க வேண்டிய அணுகல்தன்மை விதியை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது செல்லாது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. நாம் சலுகை கேட்கவில்லை, சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைக் கேட்கிறோம் என்று மனுவைத் தொடங்கலாம்.

11. முகவர்

மனுவில் காப்பீட்டையும் சேருங்கள். மாற்றுத்திறனாளிக்கு மறுப்பு அனுப்பும் நிறுவனம் காரணத்தையும், மாற்றாகத் தரக்கூடிய திட்டத்தின் தவணையையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும் என்று ஒரு வரி போதும். என் பையில் மறுப்புக் கடிதங்கள் நான்கு இருக்கின்றன; பெயரை மறைத்துத் தருகிறேன்.

12. நாற்பது சதவீதம்

அப்படியானால் மூன்று மனுக்கள். சென்னைக்கு ஒன்று: மாற்றியமைத்த கார்களுக்குச் சக்கர நாற்காலியின் வரி விகிதம், மாற்றுத்திறனாளிகள் உள்ள குழுக் காப்பீடுகளுக்கு வரி நீக்கம். நம் உறுப்பினருக்கு ஒன்று: 80யூ, 80டிடி கழிவுகளைப் புதிய முறையிலும் அனுமதித்தல், 3,200 ரூபாய் வரம்பை உயர்த்துதல், வரி கட்டாதவர்களுக்கு 41ஆம் பிரிவின்படி நேரடிப் பயணத் தொகை, முகவர் சொன்ன மறுப்புக் கடித விதி. போக்குவரத்துத் துறைக்கு ஒன்று: மருத்துவமனைத் தடங்களில் தாழ்தளப் பேருந்து. கே.கே. நகர் நண்பர் முதல் இரண்டையும் ஒருமுறை பார்த்து, எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்று குறித்துத் தந்தால் நல்லது.

13. வரி செலுத்துவோன்

பார்க்கிறேன். கழிவைப் பற்றிய வரியில் மட்டும் என் மாற்றுக்கருத்தை ஓரத்தில் எழுதுவேன். நேரடித் தொகையை மேலே வையுங்கள், கழிவைக் கீழே இறக்குங்கள்.

14. செல்லூர் அம்மா

மூன்றாவது மனுவில் ஒரு திருத்தம். மருத்துவமனைத் தடம் என்று மட்டும் எழுதாதீர்கள். பள்ளிக்கூடத் தடம் என்றும் சேருங்கள். வாரத்தில் மூன்று நாள்தான் அவனுக்குச் சிகிச்சை. பள்ளிக்கு ஆறு நாள் போக வேண்டும்.